குமரி மலைகளின் பெரும் பட்டு அந்துப்பூச்சி: பெயர், இனம், பரவல்

குலசேகரத்தை அடுத்த ஒரு தோட்டத்தில், விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர், வேலியோரக் கறுவா மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு சாண் அகலத்துக்குச் சிறகு விரித்து அமர்ந்திருந்த செந்தவிட்டு நிறப் பூச்சி ஒன்றைத் தலைவிளக்கின் ஒளியில் பார்த்திருக்கிறார். அந்தத் தோட்டக்காரரின் மகள் கல்லூரியில் விலங்கியல் படிப்பவர். அவர் அந்தப் பூச்சியையும், பக்கத்தில் காய்ந்த இலையோடு சேர்ந்து தொங்கிய கூட்டையும் படம் எடுத்து அனுப்பி, சில கேள்விகள் கேட்டிருக்கிறார். செய்தித்தாள்களில் அவ்வப்போது வரும் அட்லஸ் அந்துப்பூச்சி இதுதானா? ஆமணக்கு இலையும் மரச்சீனி (மரவள்ளி) இலையும் கொடுத்து வளர்க்கும் எரிப் பட்டுப்பூச்சியும் இதுவும் ஒன்றா? இது எங்கெங்கே வாழ்கிறது, சொல்லப்படுவதுபோல் அரிய பூச்சிதானா? அந்தக் கூட்டை என்ன செய்வது?

நல்ல கேள்விகள். முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருப்பது அட்டாக்கஸ் தாப்ரொபானிஸ் என்ற இனம். அட்லஸ் என்ற பெயருக்கு உரிய அட்டாக்கஸ் அட்லஸ் இதன் நெருங்கிய உறவுதான். ஆனால் அது இமயமலை அடிவாரம், வடகிழக்கு இந்தியா, தென்சீனம், தென்கிழக்கு ஆசியா ஆகிய பகுதிகளைச் சேர்ந்தது. நம் மலைகளில் இருப்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் தனி இனம். எரிப் பட்டுப்பூச்சி இதன் தூரத்து உறவு. இரண்டும் வேறு வேறு பேரினங்கள், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதிகளில் வெவ்வேறானவை. இவ்வளவு சொன்னால் விடை முடிந்துவிடும். ஆனால் இப்படிப் பிரித்துச் சொல்வதற்கு என்ன ஆதாரம் என்று தெரியாமல் பெயரை மட்டும் மனப்பாடம் செய்வதில் பயனில்லை என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பட்டு என்றதும் நாம் நினைப்பது முசுக்கொட்டை இலை தின்னும் பட்டுப்புழுவை. பாம்பிக்ஸ் மோரி என்னும் அந்தப் பூச்சி பாம்பிசிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் கையிலேயே வளர்ந்து, இன்று பறக்கவும் இயலாத நிலைக்கு வந்துவிட்டது. காட்டுப் பட்டுப்பூச்சிகள் என்று நாம் பொதுவாகச் சொல்பவை சாட்டர்னியிடே என்ற வேறொரு குடும்பம். இரண்டு குடும்பங்களும் பாம்பிகாய்டியா என்ற ஒரே பெருங்குடும்பத்துக்குள் வருவதால், பட்டு நூற்பது என்ற பொதுப்பண்பு இருக்கிறது. அதற்கு மேல் நெருக்கம் இல்லை. சாட்டர்னியிடே குடும்பத்தின் பூச்சிகள் பெரும்பாலும் உருவத்தில் பெரியவை. சிறகுகளில் கண் போன்ற வட்டங்களோ கண்ணாடி போன்ற ஒளிபுகும் பகுதிகளோ கொண்டவை. வளர்ந்த பூச்சிக்குச் செயல்படும் வாய் கிடையாது. புழுப் பருவத்தில் தின்று சேர்த்த கொழுப்பை வைத்தே ஒரு வாரமோ சற்று அதிகமோ வாழ்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டு முடிந்துவிடும்.

இந்தக் குடும்பத்துக்குள் சாட்டர்னியினே என்ற துணைக்குடும்பமும், அதற்குள் சில கிளைகளும் உண்டு. நம் நாட்டுக் காட்டுப் பட்டுப்பூச்சிகளில் முக்கியமானவை இரண்டு கிளைகளில் அடங்கிவிடுகின்றன. அட்டாசினி என்ற கிளையில் அட்டாக்கஸ், வடகிழக்கு மலைகளில் வாழும் ஆர்க்கியோஅட்டாக்கஸ், எரிப் பட்டுப்பூச்சியின் பேரினமான சாமியா ஆகியவை வருகின்றன. சாட்டர்னினி என்ற மற்றொரு கிளையில் டசார் பட்டும் அசாமின் முகா பட்டும் தரும் ஆந்தீரியா, வால் நீண்ட நிலா அந்துப்பூச்சியான ஆக்டியாஸ், முந்திரி மரத்தைத் தின்னும் கிரிக்குலா ஆகியவை வருகின்றன. ஆகவே எரியும் நம் பூச்சியும் ஒரே கிளையின் இரு கொம்புகள். பக்கத்தில் வைத்தால் குழப்பமே வராது. சாமியாவின் சிறகில் இருப்பது பிறைநிலா வடிவக் குறி. அட்டாக்கஸின் சிறகில் இருப்பது முக்கோண வடிவக் கண்ணாடிச் சன்னல். எரிப் பட்டுப்பூச்சிக்கு வயிறு வெண்பஞ்சு போர்த்தியதுபோல் இருக்கும். அது மனிதர் வளர்த்து உருவாக்கிய வடிவம். வடகிழக்கில் எண்டி என்றும் எரி என்றும் சொல்லப்படும் துணிக்கு நூல் தருவது. அதன் சிற்றினப் பெயரான ரிசினி என்பது ஆமணக்கைக் குறிக்கும். குமரி மாவட்டத்தில் மரச்சீனி இல்லாத விளை அரிது என்பதால் எரி இங்கே பரவியிருக்குமோ என்ற ஐயம் இயல்பானதே. ஆனால் அது வளர்ப்பவர் கொண்டுவந்தால் மட்டுமே வரும் பூச்சி.

இனி பெயரின் கதைக்கு வருவோம். 1758-இல் லின்னேயஸ், விலங்குகளுக்கு இருசொற்பெயர் வைக்கும் முறையைத் தொடங்கிய அதே நூலில், ஆசியாவிலிருந்து வந்த பெரும் அந்துப்பூச்சிக்கு அட்லஸ் என்று பெயரிட்டார். அதன் பிறகு நூறாண்டுக்கும் மேலாக, ஆசியாவில் எங்கே முக்கோணச் சன்னல் கொண்ட பெரிய அந்துப்பூச்சி கிடைத்தாலும் அட்லஸ் என்றே எழுதினார்கள். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஃபிரெடெரிக் மூர், இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றி 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக எழுதினார். அதில், 1882-இல், இலங்கைப் பூச்சியைத் தனி இனமாகப் பிரித்து தாப்ரொபானிஸ் என்று பெயரிட்டார். பின்னர் வந்த நூல்கள் பல அவரது கருத்தை ஏற்காமல், அதை அட்லஸின் ஒரு துணையினமாகவோ வட்டார வடிவமாகவோ எழுதின. 1989-இல் ரிச்சர்ட் பீக்லர் அட்டாக்கஸ் பேரினம் முழுவதையும் மறு ஆய்வு செய்தபோது தாப்ரொபானிஸைத் தனி இனமாகவே நிறுத்தினார். இன்று வகைப்பாட்டாளர்கள் பின்பற்றுவது அந்த நிலைப்பாட்டையே. நூற்றாண்டுக்கு முந்தைய நூலிலோ, அதைப் பார்த்து எழுதப்பட்ட கட்டுரையிலோ ‘திருவிதாங்கூர் மலைகளில் அட்லஸ்’ என்று படித்தால், அது இந்தப் பூச்சியையே குறிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தாப்ரொபானிஸ் என்ற சொல்லை நாம் அந்நியமாக நினைக்க வேண்டியதில்லை. பழைய கிரேக்கர்கள் இலங்கையைத் தாப்ரொபானே என்றார்கள். அது தம்பபண்ணி என்ற பாலிச் சொல்லின் திரிபு. அதன் வடமொழி வடிவம் தாம்ரபர்ணி. பொதிகையில் பிறந்து திருநெல்வேலிச் சீமையை வளமாக்கும் ஆற்றுக்கும் அதே பெயர்தான். நம் மாவட்டத்தில் கோதையாறும் பரளியாறும் சேர்ந்து, திற்பரப்பில் அருவியாக விழும் நீரையும் சுமந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டினத்தில் கடலில் சேரும் ஆற்றையும் தாமிரபரணி என்றே சொல்கிறோம். கோதையாற்றின் மேற்காட்டில் பறக்கும் ஒரு பூச்சியின் அறிவியல் பெயருக்குள் அந்த ஆற்றின் பெயரே இருக்கிறது என்பதை முதலில் உணர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. மூர் நினைத்தது இலங்கையைத்தான். இந்த ஆறுகளை அல்ல. ஆனாலும் பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது, ஏனெனில் பூச்சி கடலின் இரு கரைகளுக்கும் உரியது.

அறிவியல் பெயரை எழுதும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. விலங்கியல் மாணவி என்பதால் சொல்கிறேன். இந்தப் பூச்சியின் பெயரை அட்டாக்கஸ் தாப்ரொபானிஸ் மூர், 1882 என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதுகிறார்கள். அட்லஸையோ அட்டாக்கஸ் அட்லஸ் (லின்னேயஸ், 1758) என்று அடைப்புக்குறியோடு எழுதுகிறார்கள். லின்னேயஸ் பெயரிட்டபோது அதை ஃபலீனா என்ற பேரினத்துக்குள் வைத்திருந்தார். பின்னர் அது அட்டாக்கஸுக்கு மாற்றப்பட்டது. பேரினம் மாறியிருந்தால் பெயரிட்டவரை அடைப்புக்குள் இட வேண்டும் என்பது விதி. மூர் வைத்த இடத்திலிருந்து தாப்ரொபானிஸ் நகரவே இல்லை. ஓர் அடைப்புக்குறியை வைத்தே ஒரு பூச்சியின் வகைப்பாட்டு வரலாற்றைப் பாதி ஊகித்துவிடலாம்.

சரி, இரண்டையும் எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே இனத்துக்குள்ளேயே நிறமும் சன்னலின் அளவும் ஆணுக்கும் பெண்ணுக்கும், பருவத்துக்குப் பருவம் வேறுபடுவதால், ஒரே ஒரு படத்தைப் பார்த்து நிற வேறுபாட்டின் அடிப்படையில் இனம் சொல்வது பிழையில் முடியும். வகைப்பாட்டாளர் முதன்மையாகப் பார்ப்பது ஆண் பூச்சியின் வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பின் கடினப் பகுதிகளை. அவற்றின் வடிவம் இனத்துக்குள் பெரிதாக மாறுவதில்லை. அதோடு சிறகுக் கோடுகளின் அமைப்பு, சன்னல்களின் வடிவம், புழுவின் தோற்றம், கூட்டின் அமைப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இக்காலத்தில் செல்லுக்குள் இருக்கும் இழைமணியிலுள்ள (மைட்டோகாண்ட்ரியா) ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டின் எழுத்துவரிசையையும் ஒப்பிடுகிறார்கள். ஒரு காலை மட்டும் எடுத்தாலே அதற்குப் போதும். படத்தை மட்டும் வைத்து நான் தாப்ரொபானிஸ் என்று உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், அது எடுக்கப்பட்ட இடம். குமரி மலைகளில் இயற்கையாக வாழும் அட்டாக்கஸ் இது ஒன்றே.

இப்படி வடக்கில் ஒன்று, தெற்கில் அதன் உறவு ஒன்று என்று அமைவது நம் மலைகளுக்குப் புதிதல்ல. நம் மாநில விலங்கான வரையாட்டை எண்ணிப் பாருங்கள். நெடுங்காலமாக இமயமலையின் தார் ஆட்டோடு ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த அதை, மரபணு ஆய்வுக்குப் பின் 2005-இல் நீல்கிரிட்ராகஸ் என்ற தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டார்கள். தோற்றம் ஒத்திருந்ததால் உறவும் நெருக்கம் என்று நினைத்தது தவறாகப் போனது. அந்துப்பூச்சியில் இடைவெளி அந்த அளவுக்கு இல்லை; பேரினம் ஒன்றே, இனம் மட்டும் வேறு. ஆனால் அமைப்பு ஒன்றுதான்: நடுவே தக்காணத்தின் வறண்ட பெருவெளி, இரு முனைகளிலும் ஈரக்காடு.

பரவலைப் பொறுத்தவரை, கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையும் அதன் ஈரமான சரிவுகளும், அப்புறம் இலங்கையும் இதன் இருப்பிடம். மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019-இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கை என்ற இதே வகை எல்லைதான். கடல் குறுக்கே இருக்கையில் ஓர் இனம் இருபுறமும் எப்படி வந்தது என்று கேட்கலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை ஆழமற்றது; அப்போது அது முழுக்கத் தரை. விலங்குகளும் செடிகளும் நடந்தும் பரவியும் கடந்திருக்கின்றன. இதில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: தரை இருந்ததாலேயே ஈரக்காடு இருந்ததாக ஆகிவிடாது. இன்று இராமநாதபுரம் கரையும் மன்னார் கரையும் வறண்டு கிடப்பதைப் பார்த்தாலே தெரியும். அட்டாக்கஸ் பலவகை மர இலைகளைத் தின்னக்கூடியது என்பதால், சோலைக்காடு மட்டுமே கதி என்றிருக்கும் உயிர்களைவிட இதற்கு அந்தப் பயணம் எளிதாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இந்த வரைபடத்தில் குமரி மாவட்டத்தின் இடம் தனித்தன்மை உடையது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே தொடங்கும் அகத்தியமலைத் தொகுதி, ஆரல்வாய்மொழியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனையாக இறங்கி முடிகிறது. இந்தியத் தலைநிலத்தில் இந்தப் பூச்சிக்கான மலைக்காடு முடியும் இடமும் அதுவே. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே பெய்வதால், ஆண்டின் பெரும்பகுதியில் மரங்களில் தளிர் இருக்கும். 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கோதையாறு, பேச்சிப்பாறை, கீரிப்பாறை, மாறாமலை என்று நீளும் அந்தக் காடும், அதன் விளிம்பிலுள்ள கிராம்பு, மிளகு, கறுவாத் தோட்டங்களும் சேர்ந்த நிலமே இந்தப் பூச்சியைத் தேட வேண்டிய இடம். ஆரல்வாய்மொழிக் காற்று வீசும் கிழக்குப் பக்கத்து முட்காட்டில் தேடிப் பயனில்லை.

நான் முதலில் பார்த்தது கீரிப்பாறைக்குப் போகும் வழியில், ஒரு தேநீர்க் கடையின் சுவரில். இரவெல்லாம் எரிந்த விளக்கின் கீழே, விடிந்த பிறகும் நகராமல் இருந்தது. ஆண் பூச்சி, உணர்கொம்புகள் இரண்டும் தென்னங்கீற்றைச் சிறிதாக்கி வைத்ததுபோல் இருபுறமும் அகன்று பிரிந்திருந்தன. முன்சிறகின் நுனி மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்து வளைந்து, அதில் ஒரு கரும்புள்ளி கண்ணாகவும் கீழே ஒரு கோடு வாயாகவும் தெரிய, பக்கவாட்டில் பார்த்தால் பாம்பின் தலையேதான். கடைக்காரர் அக்கா, ‘தொடாதீங்க, விஷம் இருக்கும்’ என்றார். விஷம் எதுவும் கிடையாது. கடிக்க வாயும் கிடையாது. ஆனால் அவரை அப்படிச் சொல்லவைத்த அந்த நுனிதான் பறவைகளையும் ஓணான்களையும் தயங்க வைக்கிறது என்று கருதப்படுகிறது. சீண்டினால் பறந்தோடாமல், தரையில் விழுந்து சிறகை மெல்ல மெல்ல அசைக்கும். அந்த அசைவில் பாம்புத் தலை இன்னும் உயிர்பெறும். சிறகின் நடுவே உள்ள முக்கோணச் சன்னலில் செதிலே இல்லை. கீழே ஒரு செய்தித்தாள் இருந்தால் அதன் வழியே எழுத்தைப் படித்துவிடலாம்.

இதன் உறவான அட்லஸில் நன்கு அறியப்பட்ட வாழ்க்கைச் சுழற்சி இதற்கும் பெரும்பாலும் பொருந்தும். சுமார் 2.5 மி.மீ. அளவுள்ள முட்டைகளை இலையின் அடிப்புறத்தில் இடும். இரண்டு வாரத்தில் பொரியும். புழு நீலம் கலந்த வெளிர்பச்சை. உடலெங்கும் சதைப்பற்றான முட்கள். அவற்றின்மேல் மாவு தூவியதுபோல் வெண்மெழுகுப் பொடி. முழு வளர்ச்சியில் 11 செ.மீ. வரை நீளும். எறும்போ ஓணானோ நெருங்கினால், உடலிலிருந்து வீச்சமுள்ள ஒரு திரவத்தை அரை மீட்டர் தூரம் வரை பீய்ச்சும். கறுவா, கொய்யா, எலுமிச்சை வகைகள், சீத்தா என்று அட்டாக்கஸ் தின்னும் மரங்களின் பட்டியல் நீளமானது. நான் நம் மாவட்டத்தில் புழுவைப் பார்த்தது இரண்டு முறையும் கறுவாவில்தான். ரப்பர் இலையில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

கூடு இருக்கிறதே, அது இந்தப் பூச்சியின் மிகச் சிறந்த கைவேலை. புழு முதலில் இலைக்காம்பைப் பட்டிழையால் கிளையோடு சேர்த்துச் சுற்றிக் கட்டுகிறது. இலை பழுத்தாலும் உதிராது. பிறகு இலையை மடித்து, அதன் உள்ளே பழுப்பு நிறக் கம்பளி போன்ற இழையால் கூடு பின்னுகிறது. மேல்முனையில் இழைகளை ஒட்டாமல் விட்டு, உள்ளிருந்து வெளியேற மட்டும் வழி தரும் ஒரு வாயை வைக்கிறது. மீனவர்கள் பயன்படுத்தும் கூடை வலையில் மீன் உள்ளே போகலாம், வெளியே வர முடியாது அல்லவா, இது அதற்கு நேர்மாறானது. முசுக்கொட்டைப் பட்டைப்போல் இந்த இழையைத் தொடர்ச்சியாக இழுத்தெடுக்க முடியாது. பஞ்சைப்போல் நூற்கத்தான் வேண்டும். அந்த நூலுக்கு ஃபகாரா என்று பெயர். உறுதியானது, ஆனால் பெரிய அளவில் யாரும் நெய்வதில்லை. தைவானில் அட்லஸ் கூட்டைச் சிறு கைப்பையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இந்த மாவட்டத்தில் காட்டுப் பட்டுப்பூச்சி என்ற பெயரில் குழப்பிக்கொள்ளத் தக்கவை இன்னும் மூன்று. இளம்பச்சை நிறமும் நீண்ட வாலும் கொண்ட நிலா அந்துப்பூச்சி, ஆக்டியாஸ் செலீனி (ஹூப்னர், 1807), ஒதியமரத்தில் வளரும். வேலிக்கு ஒதியங்கம்பு நட்ட ஊர்களில் விளக்கடியில் அடிக்கடி வந்து விழும். டசார் வகை ஆந்தீரியாவுக்கு மருத மரமும் இலந்தையும் உணவு. கூடு முட்டை வடிவில் கொட்டைபோல் கடினமாக, நீண்ட காம்பில் கிளையை மோதிரம்போல் வளைத்துத் தொங்கும். இதன் பெயரில் அட்லஸைவிடப் பெரிய சிக்கல் உண்டு: லின்னேயஸ் 1758-இல் வைத்த பாஃபியா என்ற பெயரையும், ட்ரூரி 1773-இல் வைத்த மைலிட்டா என்ற பெயரையும் பழைய நூல்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பயன்படுத்தியிருப்பதால், டசார் பற்றிய குறிப்பைப் படிக்கும்போது எந்த வட்டாரத்துப் பூச்சி என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. மூன்றாவது கிரிக்குலா டிரைஃபெனஸ்ட்ராட்டா. மூன்று சன்னல் உடையது என்பது பெயரின் பொருள். இது கொல்லமா (முந்திரி) மரத்தில் கூட்டம் கூட்டமாக வந்து இலையை மொட்டையடித்துவிடும் என்பதால் கொல்லாங்கொட்டை விவசாயிக்கு இது பகை. பொன்னிறச் சல்லடை போன்ற அதன் கூடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருக்கும். இலையில் தனித்துத் தொங்கும் பழுப்புக் கம்பளிக் கூடு அட்டாக்கஸுடையது.

அரிதா என்ற கேள்விக்கு நான் கவனமாகவே விடை சொல்ல விரும்புகிறேன். பூச்சியாகப் பறக்கும் காலம் ஒன்றிரண்டு வாரம், அதுவும் இரவில், அதுவும் மரத்தின் மேல்மட்டத்தில். அதனால் ஓரிடத்தில் நல்ல எண்ணிக்கையில் இருந்தாலும் மனிதர் கண்ணில் படுவது குறைவு. ஆண்டுக்கு ஒருமுறை செய்தித்தாளில் ‘அபூர்வ வண்ணத்துப்பூச்சி’ என்று வருவதை வைத்து அழியும் நிலையில் இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. விடியுமுன் தலைவிளக்கோடு மரம் மரமாக நடக்கும் பால்வெட்டுத் தொழிலாளர்களைக் கேட்டுப் பாருங்கள். மழை விட்ட நாட்களில் ஆண்டுதோறும் பார்ப்பதாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த வகையில் நம் மாவட்டத்தின் சிறந்த அந்துப்பூச்சிக் கண்காணிப்பாளர்கள் அவர்களே. அதேநேரம், உலகில் இதன் எல்லை சிறியது என்பது மெய். அட்லஸ் ஒரு பள்ளத்தாக்கில் அற்றுப்போனால் ஆசியாவில் அதற்கு வேறு ஆயிரம் பள்ளத்தாக்குகள் உண்டு. தாப்ரொபானிஸுக்கு ஒரு மலைத்தொடரும் ஒரு தீவும்தான். இரண்டையும் அட்லஸ் என்ற ஒரே பெயரில் எழுதினால், எங்கும் பரவிய பூச்சிதானே என்ற எண்ணம் வந்துவிடும். பெயர் விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பது அதற்காகவே.

இதைக் குறைப்பவை எவை என்பதில் எனக்கு ஐயமில்லை. பல வகை மரங்கள் கலந்து நின்ற விளைகள் ரப்பர் மட்டுமாக மாறும்போது புழுவுக்கு இலை இல்லாமல் போகிறது. தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி எந்தப் புழு என்று பார்ப்பதில்லை. அடுத்தது வெளிச்சம். பெண் பூச்சி கூட்டிலிருந்து வந்த இடத்திலேயே அமர்ந்து மணம் பரப்பும். ஆண் அதை உணர்கொம்பால் உணர்ந்து நெடுந்தொலைவிலிருந்து தேடி வரும். வழியில் வெள்ளொளி விளக்கு ஒன்று எரிந்தால், அதைச் சுற்றிச் சுற்றியே அந்த இரவு போய்விடும். அதன் வாழ்நாள் மொத்தமே சில இரவுகள்தான் என்னும்போது ஓர் இரவு பெரிய இழப்பு.

கடைசியாக, உங்கள் கூட்டுக்கு வருகிறேன். படத்தில் இருப்பது பெண்: உணர்கொம்பு ஒடுங்கியது, வயிறு தடித்தது, சிறகு கசங்காமல் புத்தம் புதிதாக இருக்கிறது. பக்கத்தில் தொங்குவது அவள் வெளிவந்த கூடாகவே இருக்கும். மேல்முனையைப் பாருங்கள்: இழைகள் அறுபடாமல் விலகி, ஈரம் உலர்ந்த கறையோடு இருந்தால் பூச்சி வந்துவிட்டது, பக்கவாட்டில் சிறு வட்டத் துளை இருந்தால் ஒட்டுண்ணிக் குளவியோ ஈயோ அந்தக் கூட்டை முடித்துவிட்டது. கையில் எடுக்கையில் கனமாக இருந்து, மெல்லச் சாய்க்கும்போது உள்ளே ஏதோ உருள்வது தெரிந்தால் கூட்டுப்புழு உயிரோடு இருக்கிறது. அதை அப்படியே கிளையோடு நிழலில் விட்டுவிடுங்கள். வெறுங்கூடு என்றால், உங்கள் சொந்தத் தோட்டத்தில் கிடைத்தது என்பதால், ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம். சரணாலய எல்லைக்குள் என்றால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. எடுத்த கூட்டோடு நாள், இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், மரம் ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள். சீட்டு இல்லாத கூடு அலமாரி அழகுக்கு மட்டுமே உதவும்.

பூச்சியை நகர்த்த வேண்டாம். வீட்டுப் பின்புற விளக்கை இரண்டு மூன்று இரவுகளுக்கு அணைத்து வையுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு ஆண் வந்து சேர்ந்தால், விடிந்த பின்னும் இரண்டும் சேர்ந்தே அமர்ந்திருப்பதைக் காணலாம். அடுத்த சில நாட்களில் அந்தக் கறுவா மரத்தின் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி அடிப்புறத்தைப் பாருங்கள். அங்கே வரிசையாக முட்டைகள் ஒட்டியிருந்தால் எந்த இலை என்று நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டு, முதல் புழு வெளிவரும் நாளை எனக்கு எழுதுங்கள்.